குருத்தோலை கட்டிய பாட்டில்

சரோஜம் உள்ளே வந்ததும் தோளில் தொங்கிய பையைத் தரையில் வைத்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே, "அக்கா, எங்க வீட்டுக்காரரு குடிச்சாரா இல்லியாண்ணு நீங்க கண்டுபிடிச்சுப் பறையணும்" என்றாள்.

அமரவிளையில் ஆனந்தபாயின் வீட்டுக்கு இப்படி யாராவது வந்து நிற்பது புதிதல்ல. திருவனந்தபுரத்தில் அரசாங்க ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். போலீசாரும் கலால் துறையினரும் சீல் வைத்து அனுப்பும் பாட்டில்களில் இருப்பது என்ன என்று சொல்வதுதான் அங்கே அவருடைய உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு பாட்டில்கள் வருவது நின்றுபோய், அவற்றால் கெட்ட மனிதர்கள் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். யாரிடமும் அவர் குரலை உயர்த்தியதில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத் தாங்க முடியாமலே பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அன்றைக்கு அங்கே ஜெயச்சந்திரனும் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வைத்திருப்பவர். சாவைப் பற்றி இனிமையாகப் பேசத் தெரியாததால் தொழிலில் அவர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. துப்பறிவதில் அவருக்கு இருந்த ஆசையோ சொல்லி மாளாது. விஷயம் முழுதாக வெளியே வருமுன் குற்றவாளி யார் என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

சரோஜத்தின் கணவர் எலியா, செங்கல் என்ற ஊருக்கு அப்பால் புளியறைவிளை என்ற சிற்றூரின் பழைய கிறிஸ்தவ மிஷன் கோயிலில் மணியடித்து, பெருக்கி, காவல் காக்கும் வேலை பார்ப்பவர். கோயில் வளாகத்திலேயே ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். ஒரு காலத்தில் எலியா குடியில் மூழ்கிக் கிடந்தவர். சாராயக் கடைகளைச் சர்க்கார் பூட்டிய மறுவருஷம் இது. அதற்கெல்லாம் ஏழெட்டு வருஷம் முன்பே, யாரும் பூட்டாமலே, அவராக விட்டுவிட்டார். இனி ஒரு துள்ளி நாக்கில் பட்டாலும் பெருங்கடவிளையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சரோஜம் அப்போது சொல்லியிருந்தாள். ஒற்றை மகளும் கல்யாணமாகிப் போய்விட்டதால் இப்போது அவளைத் தடுக்க யாருமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் ஒரு பங்கை எல்லோரும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். வாழைக்குலை, தேங்காய், கோழி, முட்டை எல்லாம் கடைவிலையைப் போல நாலு மடங்குக்குப் போகும். மதியம் சாய்ந்து ஏலம் முடியப்போகிற நேரம், கோயிலை ஒட்டி அங்கிகள் வைக்கும் வெஸ்ட்ரி அறைக்குள் பாட்டில் உடைந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் எலியா நின்றுகொண்டிருக்கிறார். கன்னத்தில் ரத்தம், சட்டையெல்லாம் ஈரம், அறை முழுக்க மது வாடை. சபைச் செயலாளர் தங்கையன் எல்லோர் முன்னாலும் குடித்தாயா என்று கேட்டார். எலியா வாயைத் திறக்கவில்லை.

"பாட்டிலு தானா வெடிச்சுதுண்ணு மட்டும் பின்னால எனக்கிட்ட பறஞ்சாரு. காலத்தே ஆரோ காணிக்கையில வச்சிருந்ததாம். தேன் குப்பியாக்கும்ணு நினைச்சு, உடையாண்டாம்ணு ஜன்னல் படியில மாத்தி வச்சாராம்" என்றாள் சரோஜம். "பாட்டிலு தானா வெடிக்குமாண்ணு எல்லாரும் சிரிக்கினும். அதை நான் வச்சேன்னு சொல்லியும் ஆரும் வரல்ல. அதெல்லாம் போட்டும் அக்கா. நான் குடிக்கல்லேண்ணு ஒரு வார்த்தை அவரு சொன்னா எனக்குப் போரும். அதைச் சொல்ல மாட்டங்காரு."

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டி கூடி எலியாவை வேலையிலிருந்து நீக்கப்போகிறது. வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். அதைப் பற்றி சரோஜம் அதிகம் பேசவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கேள்விக்குப் பதில்.

அதுவரை பை இங்கேயே இருக்கட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். குடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். குடித்தார் என்றால் எடுத்துக்கொண்டு பெருங்கடவிளைக்குப் பஸ் ஏறுவாள். பழைய ரெக்சின் பை அது. ஜிப் பாதியில் சிக்கி, பொத்தான் வைத்த வெள்ளைத் துணி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனந்தபாய் அதைத் தூக்கி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். பை நல்ல கனமாக இருந்தது.

புளியறைவிளைக்குப் போகும் வழியெல்லாம் ஜெயச்சந்திரன் ஸ்கூட்டரில் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். தங்கையன்தான் இதன் பின்னால் இருக்கிறார் என்பது அவர் கட்சி. மணியடிக்கும் வேலையைத் தன் தங்கை மகனுக்கு வாங்கிக் கொடுக்க எலியாவை மாட்டிவிட்டிருக்கிறார். பாட்டில் மிலிட்டரி கேன்டீன் சரக்கு. தங்கையனுக்குத் தங்கை மகன் உண்டா என்று ஆனந்தபாய் கேட்டார். அதை இனிமேல்தான் விசாரிக்க வேண்டும் என்றார் ஜெயச்சந்திரன்.

தங்கையன் வெஸ்ட்ரியைப் பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியார் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்காக உள்ளே எதையும் தொடவில்லை. ஆனந்தபாய் யாரென்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் திறந்துவிட்டார். தன்னை யாரும் எலியாவின் விரோதி என்று நினைக்கக்கூடாது என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. கேட்காமலே பண்டிகை நாளின் கதை முழுவதையும் சொன்னார். ஏலம் இந்த வருஷம் கொஞ்சம் மந்தம். எப்போதும் போட்டி போட்டு ஏற்றிவிடும் ஞானையன், சவுதியில் பதினைந்து வருஷம் இருந்து வந்தவர், இந்தத் தடவை எதையுமே கேட்கவில்லை. கடைசி வரை முன்வரிசையில் உட்கார்ந்து, இனி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று இரண்டு மூன்று தடவை விசாரித்ததோடு சரி. எலியாவை மன்னித்து விட்டுவிடலாம் என்று கமிட்டியாரில் சொன்ன ஒரே ஆளும் அவர்தான். அதெல்லாம் நல்ல மனம் என்றார் தங்கையன்.

முற்றத்து ஓலைப்பந்தலில் விற்காமல் மிஞ்சிய சில பொருட்கள் கிடந்தன. ஒரு வாழைக்குலையின் காம்பில் வாடிய குருத்தோலை ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. அது என்னவென்று ஜெயச்சந்திரன் கேட்டார்.

"அது முதல் பலன்" என்றார் தங்கையன். "புதுசா வச்ச வாழையில முதல் குலை, கோழி இட்ட முதல் முட்டை, என்னவானாலும் முதல்ல உள்ளது இங்கே வரும். எங்க சபையில ஆரும் அதைத் தெற்றிக்க மாட்டாவ, தவறாமக் கொண்டு வருவாவ. மத்ததோட கலக்காம இருக்க ஓலை கெட்டுவோம்."

வெஸ்ட்ரி சின்ன அறை. மேற்குப் பக்கம் ஒரே ஜன்னல். கம்பிகளுக்கு முன்னால் நெஞ்சளவு உயரத்தில் அகலமான சிமெண்ட் படி. பிற்பகல் வெயில் அந்தப் படியில் நேராக விழுந்து, கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. ஆனந்தபாய் முதலில் தரையைப் பார்க்காமல் மேலே பார்த்தார். எதிர்ச்சுவரில் இருந்த மர அலமாரியின் மேல்விளிம்பில், ஆள் உயரத்துக்கும் மேலே, பழுப்புக் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி நின்றது. அதில் பத்திரிகைத் தாளின் கிழிசல் ஒட்டியிருந்தது. தரையில் கிடந்த சில்லுகள் பலவற்றிலும் அப்படித் தாள் ஒட்டியிருந்தது.

பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் உடையாமல் படியிலேயே இருந்தது. அதன் உள்ளே வெண்மையான வண்டல் ஒன்று சுண்ணாம்பு பூசினதுபோல் கெட்டியாகப் படிந்திருந்தது. ஆனந்தபாய் அதை முகர்ந்துவிட்டு ஜெயச்சந்திரனிடம் நீட்டினார். அப்பமாவு வாசனை என்றார் அவர். தரையில் ஈரம் காய்ந்த இடம் முழுக்க எறும்புகள் மொய்த்திருந்தன. ஆனந்தபாய் குனிந்து அந்த எறும்புகளை வெகுநேரம் பார்த்தார். எறும்பில் என்ன இருக்கிறது என்று ஜெயச்சந்திரனுக்குப் புரியவில்லை.

"இதுல பாட்டிலோட கழுத்து இல்ல ஜெயச்சந்திரா. வெளியே போய்ப் பாரும்" என்றார் ஆனந்தபாய்.

ஜன்னலுக்கு வெளியே வாழைக்கூட்டம். ஜெயச்சந்திரன் மண்ணில் தவழ்ந்து தேடி, வேட்டியை நாசமாக்கிக்கொண்டு, கடைசியில் நிமிர்ந்தபோதுதான் கண்டார். பாட்டில் கழுத்து ஒரு வாழைத்தண்டின் மட்டைக்குள் பாய்ந்து செருகி நின்றது. அதன்மேல் முறுக்கிச் சுற்றிய பத்திரிகைத் தாள் அப்படியே இருந்தது. உள்ளே கொண்டுவந்து தாளை உரித்தார்கள். பொன்னிறத் தகர மூடி. அதில் எந்தக் கம்பெனியின் பெயரோ படமோ இல்லை. மூடிக்குக் கீழே, தாளுக்கு உள்ளே, ஒரு குருத்தோலைத் துண்டு முடிச்சிட்டிருந்தது.

"வெறும் கழுத்தாக்கும் அக்கா. மூடிகூட கழறல்ல" என்று ஜெயச்சந்திரன் ஏமாற்றத்தோடு சொன்னார். ஆனந்தபாய் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார், பாட்டில் அடியிலிருந்த வண்டலையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டார்.

திரும்பும்போது எலியாவைப் பார்த்தார்கள். கோயில் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கன்னத்தில் பிளாஸ்திரி. பாட்டில் எப்படி இருந்தது என்று கேட்டதற்குத் தாளில் சுற்றியிருந்தது, பிரித்துப் பார்க்கவில்லை என்றார். எடுக்கக் கை நீட்டியபோது வெடித்தது என்றார். ஆனந்தபாய் அடுத்த கேள்வியைக் கேட்டார். குடித்தீர்களா? கேட்டுவிட்டு வழக்கம்போல் சும்மா இருந்தார். எலியா துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனந்தபாயின் மௌனத்தை எதிர்த்து நின்ற முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

பாறசாலையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, ரொட்டிக் கடையில் உபயோகிக்கும் ஈஸ்ட் கொஞ்சம் வாங்கினார் ஆனந்தபாய். வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களில் இளஞ்சூட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் ரொட்டிக் கடை ஈஸ்டைப் போட்டார். மற்றதில் பாட்டில் அடியிலிருந்து சுரண்டிய வண்டலைப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டால் மூடினார். குற்றவாளியைத் தேடிப் போக வேண்டிய நேரத்தில் ஆப்பத்துக்கு மாவு புளிக்க வைக்கிறாரே என்று ஜெயச்சந்திரனுக்கு உள்ளூர வருத்தம்.

மறுநாள் பார்த்தபோது இரண்டிலும் நுரை ஏறி இறங்கியிருந்தது. வண்டல் சாகவில்லை, உயிரோடுதான் இருந்தது. அதற்கும் அடுத்த நாள் ரொட்டிக் கடை ஈஸ்ட் போட்ட தண்ணீர் இன்னும் கஞ்சித் தண்ணீராகக் கலங்கிக் கிடந்தது. மற்ற டம்ளரில் எல்லாம் அடியில் போய்க் கெட்டியாகப் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. இதில் வேலை முடிந்துவிட்டது என்றார் ஜெயச்சந்திரன். ஆனந்தபாய் அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அவருடைய உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார். இன்னும் தித்தித்தது. பிறகு அந்த டம்ளரை ஜன்னல் வெயிலில் கொண்டுபோய் வைத்தார். சோறு உண்டு முடித்து வந்து பார்க்கையில், அடியில் படிந்தது மறுபடி கிளம்பிக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது.

"இது நான் இதுவரை கண்ட ஈஸ்ட் இல்ல" என்றார் ஆனந்தபாய். அவர் குரலில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. எலியாவின் சபை உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பி, சனிக்கிழமை சாயங்காலம் வெஸ்ட்ரியில் சிலரைக் கூட்டிவைக்கக் கேட்டுக்கொண்டார்.

உபதேசியாரும் தங்கையனும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் ஞானையனும், பெண்கள் ஐக்கியத் தலைவி என்ற முறையில் அவருடைய மனைவி சத்தியபாயும் வந்திருந்தார்கள். எலியா கதவோரம் நின்றார். சரோஜம் அவருக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். ஜெயச்சந்திரன் முக்கியமான சாட்சி போல ஜன்னலருகே நிமிர்ந்து நின்றார்.

ஆனந்தபாய் கைக்குட்டையைப் பிரித்துப் பாட்டில் கழுத்தை மேஜைமேல் வைத்தார்.

"மூடி கழறாத பாட்டில்லயிருந்து ஒரு மனுசன் எப்படிக் குடிப்பான்?" என்று கேட்டார்.

ஆனந்தபாய் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தவறி விழுந்து உடைந்த பாட்டிலாக இருந்தால் சில்லுகள் தரையோடு போயிருக்கும். இதுவோ அலமாரியின் உச்சியில் குத்தியிருக்கிறது. கழுத்து ஜன்னல் கம்பி வழியே பறந்து வாழைக்குள் பாய்ந்திருக்கிறது. சில்லெல்லாம் தாள் ஒட்டியிருப்பதால், சுற்றியது சுற்றியபடி இருக்கும்போதே வெடித்திருக்கிறது. எலியா சொன்னது அட்சரம் தப்பாத உண்மை. பாட்டில் தானாகத்தான் வெடித்தது.

இது கடையில் வாங்கிய பீர் அல்ல என்றார் அடுத்து. கடைச் சரக்கில் வண்டல் இருக்காது, மூடியில் பெயர் இருக்கும். இது வீட்டில் ஒருவர் முளைகட்டிய தானிய மால்ட் காய்ச்சி, ஈஸ்ட் போட்டு, பாட்டிலுக்குள் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து மூடிய பீர். அந்த ஈஸ்ட் காய்ச்சியவருக்கே புதியது. பழகிய ஈஸ்ட் வேலை முடியும் வரை கலங்கலாக இருக்கும், முடிந்தால் தெளியும். இது பாதி வேலையிலேயே அடியில் படுத்துவிடுகிற ஜாதி. மேலே தெளிந்ததைப் பார்த்து அவர் முடிந்தது என்று நம்பிப் பாட்டிலில் அடைத்துவிட்டார். பாக்கி இனிப்பு உள்ளேயே இருந்தது. தரையில் மொய்த்த எறும்புகள் அதைத்தான் சொல்லின. குளிர்ந்த இடத்தில் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் படி வெயில் பட்டதும் படுத்திருந்தது எழுந்துவிட்டது.

"அப்பம் அதை இங்கே கொண்டு வச்சது ஆரு?" என்றார் தங்கையன். "எலியாவை மாட்டிவிடணும்ணு நினைச்ச ஆளா?"

ஜெயச்சந்திரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனந்தபாய் இல்லை என்று தலையசைத்து, மூடிக்குக் கீழே இருந்த குருத்தோலை முடிச்சைக் காட்டினார். உபதேசியார் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். சத்தியபாய் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இது காணிக்கை" என்றார் ஆனந்தபாய். "வீட்டுல மது காய்ச்சியது அப்காரி சட்டப்படி குற்றம், சபைக்கு ஆகாது, எல்லாம் அந்த மனுசனுக்குத் தெரியும். ஆனாலும் புதுசா ஒண்ணு உண்டாக்கினா முதல்ல உள்ளது கோயிலுக்குண்ணு சின்னதிலே படிஞ்ச பழக்கம் விடல்ல. ஓலையைத் தாளுக்கு வெளியே கெட்டியிருந்தா நம்மளுக்காகக் கெட்டினதுண்ணு சொல்லலாம். உள்ளே கெட்டியிருக்காரு. அது வேற ஒருத்தரு காணதுக்கு."

ஏலத்துக்கு வரும்போது தானே கேட்டு, எவ்வளவு ஏற்றினாலும் தானே எடுத்து, பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கோயிலுக்குச் சேரவேண்டியதும் சேரும், வெளியே தெரியவும் செய்யாது. பாட்டில் ஏலத்துக்கே வராமல் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இதுவரை சொன்னபோது ஆனந்தபாய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போதும் மேஜையைப் பார்த்தபடியே பேசினார்.

"அவரு ஆருண்ணு எனக்குத் தெரியாண்டாம். ஆனா ஒரு பாட்டிலுக்காக ஆரும் காய்ச்ச மாட்டாவ. மீதி உள்ளது எல்லாம் இப்பமும் ஒரு வீட்டுல இருக்கு. மாசி வெயிலு ஏறுது. எலியாவுக்குக் கன்னத்தோட போச்சு. அடுத்தது வெடிக்கும்போ பக்கத்துல இருக்கியது ஆரோ, எத்தனைப் பேருக்குக் கண்ணு போவுமோ, நான் எப்படிச் சொல்ல."

சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்தார்.

ஞானையனின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"எனக்க மக ஜீனாவுக்க கட்டிலுக்கு அடியிலயாக்கும் வச்சிருக்கேன்" என்றார். "அந்த முறியிலதான் குளிர்ச்சை உண்டு. பிள்ளை இப்பம் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருப்பா."

யாரும் அவரை நிறுத்தவில்லை. கனத்த சாக்கை நனைத்து மேலே போட்டு, கதவைச் சாத்தி, மகளை வெளியே அனுப்பும்படி ஆனந்தபாய் சொன்னார். பாட்டில்களை இப்போது தொடாமல் இரவுக் குளிர் ஏறிய பிறகு கிணற்றுத் தண்ணீரில் இறக்க வேண்டும். ஜெயச்சந்திரன் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். சத்தியபாய் நாற்காலியிலிருந்து எழவில்லை. தன் வீட்டில், தன் மகளின் கட்டிலுக்கு அடியில் அது இருந்ததென்பதை அவரால் இன்னும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஞானையன் ஜெயச்சந்திரனோடு திரும்பி வந்தார். வராமல் இருந்திருக்கலாம். வந்தார் என்பதை அவருக்கு நல்ல கணக்கில் எழுதவேண்டும். சவுதியில் ஒரு கம்பெனிக் குடியிருப்பில் வெள்ளைக்காரப் பொறியாளருக்குச் சமையல் செய்துகொண்டிருந்த காலத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது என்றார். ஊருக்கு வந்த பிறகு கைக்கு வேலையில்லை. கொண்டுவந்த மால்ட் டின்கள் பரணில் கிடந்தன. போன மாதம் லீவில் வந்த கூட்டாளி ஒரு பொட்டலம் கொடுத்தான். புது ஈஸ்ட், காய்ந்த பொடி, சீமையில் இப்போதுதான் வந்திருக்கிறது, போட்டுப் பார் என்றான். குடிக்கிற ஆசையைவிட அது எப்படி வேலை செய்கிறதென்று பார்க்கிற ஆசைதான் பெரிதாக இருந்தது. ரப்பர் ஷீட்டு உலர்த்தும் கொட்டகையில் யாருக்கும் தெரியாமல் புளிக்க வைத்தார். பழைய ஈஸ்டைவிடச் சீக்கிரம் தெளிந்ததும் சந்தோஷப்பட்டுப் பாட்டில்களில் அடைத்தார்.

அதற்குமேல் சொல்ல அவர் கஷ்டப்பட்டார். எலியாவின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் பறைவேன் அண்ணா. அண்ணைக்கே பறஞ்சிருக்கணும். பயந்து பேடிச்சுப் போச்சு" என்றார்.

எலியா அதற்குச் சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். நிரபராதி என்று தெளிந்த ஒரு மனிதனின் முகத்தில் வரவேண்டிய வெளிச்சம் அதில் வரவில்லை. தங்கையன் அவர் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தார். அப்போதும் வரவில்லை. ஆனந்தபாய் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ரசாயனக் கூடத்தில் கணக்கு எல்லாம் சரியாக வந்து, ஒரே ஒரு எண் மட்டும் ஒட்டாமல் நின்றால் அவருக்குத் தூக்கம் வராது.

"மூடி கழறல்லேண்ணு நிரூபிச்சாச்சு எலியா" என்றார் மெதுவாக. "இனியும் உங்களால சொல்ல முடியல்ல. ஏன்?"

எலியா அவரைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் நின்ற சரோஜத்தைப் பார்த்தார்.

"வெடிச்சப்பம் முகம் பூராவும் நனஞ்சுது" என்றார். "ஒரு துள்ளி இந்த உதட்டுல வந்து நிண்ணுது. துடைக்கக் கையை எடுத்தேன். அதுக்கு முன்னே நாக்கு போயிற்று. ருசி தெரிஞ்சுது சரோஜம். கொள்ளாமே, நல்லாயிருக்கேண்ணு தோணிச்சு. அந்த நேரத்துல வந்து குடிச்சியாண்ணு கேட்டா, இல்லேண்ணு நான் எப்படிப் பறைய?"

உபதேசியார் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். ஆனந்தபாய் கையால் அவரைத் தடுத்தார். இது இனி சபையின் விஷயமல்ல.

சரோஜம் நின்ற இடத்திலிருந்து அசையாமல் பேசினாள்.

"பண்டு கையில குப்பியை வச்சுக்கிட்டு, தொடவே இல்லேண்ணு எனக்க தலையில அடிச்சு சத்தியம் செஞ்ச ஆளாக்கும் இவரு" என்றாள். "ஒரு துள்ளி. அதுக்கு இத்தனை நாளு சோறு இறங்காம இருந்திருக்காரு."

அவள் அறையைக் கடந்து போய் எலியாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். வேறொன்றும் செய்யவில்லை. எலியா அழுதார். அதைப் பார்த்து ஜெயச்சந்திரனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து ஞானையன் எழுந்து நின்று சொல்லவேண்டியதைச் சொன்னார். சபை அவருக்கு என்ன தண்டனை கொடுத்தது என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். சாயங்காலம் எலியாவும் சரோஜமும் பஸ் ஏறி அமரவிளைக்கு வந்தார்கள். ஆனந்தபாய் காப்பி போட்டுக் கொடுத்தார். புறப்படும்போது சரோஜம் பையை எடுக்கப் போக, எலியா முந்திக்கொண்டு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏன் இத்தனை பாரம் என்று கேட்டார். சரோஜம் முன்னால் நடந்தாள்.

அவர்கள் ரோட்டைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜெயச்சந்திரன் பெருமூச்சு விட்டார்.

"ஒருவேளை மூடி கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும் அக்கா? பாவம், அந்தச் சேச்சி ஒத்தைக்கு பெருங்கடவிளைக்குப் போயிருப்பாங்க இல்லியா?"

"போயிருப்பா. ஒத்தைக்குப் போயிருக்க மாட்டா" என்றார் ஆனந்தபாய். காலியான காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே திரும்பினார். "முதல் நாளே ஜிப்புல சிக்கி நிண்ணது ஆம்பிளைச் சட்டைக்க கை, ஜெயச்சந்திரா. அவருக்க சட்டையையும் சேர்த்து மடிச்சு வச்சிட்டுத்தான் அவ இங்கே வந்தா."